நீர்மூழ்கிக் கதைக்கு நான் சொன்ன உரை

சென்ற ஆண்டு ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நாட்களில், நல்லம்பள்ளிக்கு அருகே எங்கள் வீட்டில் நடந்தது இது. என் மகன் கடற்படையில், நீர்மூழ்கிக் கப்பலில் பணி செய்கிறான். கப்பல் கடலுக்கடியில் இறங்கிவிட்டால் தொலைபேசி கிடையாது. எங்கே இருக்கிறான் என்ற தகவலும் வராது. ஊர் திரும்பினாலும் வேலையைப் பற்றி வாய் திறக்க மாட்டான். திறப்பதில்லை என்பது அவன் ஏற்ற உறுதி. மருமகள் அப்போது கருவுற்று எங்களோடு இருந்தாள்.

வயிற்றுப் பிள்ளையின் காதில் விழட்டும் என்று, மாலைதோறும் விளக்கேற்றியபின் நான் ஒரு பதிகம் ஓதுவது வழக்கம். மருமகளும் கைகூப்பிக் கேட்பாள். ஆனால் பகலெல்லாம் அவள் படித்தவை, தருமபுரிப் பேருந்து நிலையக் கடையில் வாங்கிய நீர்மூழ்கிப் போர்க்கதைகள், அனைத்தும் மொழிபெயர்ப்புகள். கணவன் சொல்லாத இடத்தை அவள் அவற்றில் தேடிக்கொண்டிருந்தாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு ஏன் இந்த வெடியும் புகையும் என்று எனக்குள் வருத்தம்தான்.

ஒருநாள் விளக்கேற்றியதும் ஒரு புத்தகத்தை என் முன்னால் விரித்து வைத்தாள்.

"மாமா, இன்னிக்கி பாட்டுக்குப் பதிலா இதப் படிங்க. கப்பலு அடியில போயி ஒக்காந்துடுச்சு. மேக்கொண்டு படிக்கப் பயமா இருக்குதுங்க. படிக்காம இருக்கவும் முடியல."

மறுக்க மனம் வரவில்லை. ஆனால் நான் பழகிய வாசிப்பு ஒன்றுதான். ஓர் அடியைச் சொல்லி, மறுபடி சொல்லி, சொல் பிரித்து, பொருள் விரிப்பேன். கைப்பழக்கம் போல அன்றும் அப்படியே ஆரம்பித்துவிட்டேன். மாலுமி ஒருவன் காப்புடை அணிந்து, தப்பிக்கும் சிற்றறைக்குள் ஏறுகிறான். "சிற்றறை என்றதனால், ஒருவருக்கு மேல் இடமில்லை என்பது பெறப்படும்" என்று உரை சொன்னேன். கீழ்மூடி அடைபடுகிறது. அதற்கும் உரை.

அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "ஏனுங்க, நீங்க பொருள் சொல்லி முடிக்கறதுக்குள்ள அந்தாளுக்கு மூச்சே நின்னுடும். மொதல்ல அவன வெளிய விடுங்க!"

மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பல வாரங்களுக்குப் பின் அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

மெல்லப் படித்ததால் எனக்கும் ஒன்று விளங்கியது. வெளியே கடல் அழுத்திக்கொண்டிருக்கும்வரை மேல்மூடியை யாராலும் திறக்க முடியாது. ஆகவே கடல்நீரையே அறைக்குள் விடுகிறார்கள். உள்ளும் புறமும் அழுத்தம் சமமானதும் மூடி திறக்கிறது. மாலுமி மேலே மிதந்து போகிறான். அடுத்தவன் உள்ளே ஏறுகிறான். திருகு, குழாய், ரப்பர் வளையம் என்று எதையும் விடாமல் எழுதியிருந்தார் ஆசிரியர்.

மருமகள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "இது நெசமாங்களா மாமா? இல்ல கதைக்காக உட்டதுங்களா?"

ஆண்டவன் காப்பான் என்று சொல்லியிருக்கலாம். அது அவளுக்கும் தெரியும். அவள் கேட்டது அந்த மூடியைப் பற்றி. "எனக்குத் தெரியலம்மா" என்றேன். அவள் புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து அவள் சோற்றைப் பிசைவதோடு சரி, வயிறாரச் சாப்பிடவில்லை.

வளைகாப்புக்கு மகன் விடுப்பில் வந்தான். அவன் பையை இறக்கி வைப்பதற்குள் அந்த அத்தியாயம் அவன் கையில் இருந்தது. நின்றபடியே முழுவதும் படித்தான். நாங்கள் மூவரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். சட்டென்று சிரித்தான்.

"சுத்தப் பொய்யிங்கப்பா! அங்க கேப்டன் பீங்கான் கப்புல நொரை தளும்பக் காபி குடிக்கறாராம். கனாவுல கூடக் கெடைக்காது."

"காபி கெடக்கட்டும். மத்ததுங்க?" என்றாள் மருமகள்.

புத்தகத்தை மூடி அவள் கையில் கொடுத்தான். "காபிதான் பொய்யின்னு சொன்னேன்" என்றான், ஒவ்வொரு சொல்லாக.

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு உள்ளே போய், என் மனைவியிடம் சோறு கேட்டு வாங்கி, இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

முகம் அறியாத ஓர் எழுத்தாளர் ஒரு மூடியின் திருகுவரை எழுதிவைத்தது, கடலே இல்லாத எங்கள் மாவட்டத்தில் ஒரு பெண்ணுக்குப் பசியைத் திருப்பித் தந்தது. அதன்பின் நானும் சந்நிதியில் நின்று 'என் பிள்ளையைக் காப்பாற்று' என்று பொதுவாக வேண்டுவதில்லை; அந்த மேல்மூடி, அந்தக் குழாய், அந்த ரப்பர் வளையம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித்தான் வேண்டிக்கொள்கிறேன்.