நல்ல பேரலில் ஓட்டை

1. முதல் நாள்

வேலையில் சேர்ந்த முதல் நாளே மேனேஜர் என் கையில் ஒரு டிரில் மெஷினைக் கொடுத்தார். "மேடம், உங்க வேலையில பாதி இதுதான்" என்றார். கெமிஸ்ட்ரி டிப்ளமோ படித்து, சமவெளியில் ரசாயனக் கம்பெனிகளில் தலை நரைக்கும் வரை உழைத்துவிட்டு, ஏற்காடு மலைக்கு வந்தது பிளாஸ்டிக் பேரலில் ஓட்டை போடத்தானா என்று எனக்குச் சுருக்கென்றது.

நாகலூரைத் தாண்டி, காபித் தோட்டங்கள் முடிகிற இடத்தில் இருக்கிறது அந்தச் சோதனை ஆலை. பெரிய விசிறிகள் காற்றை உள்ளே இழுக்கும். காற்றில் இருக்கும் கரியமில வாயுவை ஒரு கரைசல் பிடித்துக்கொள்ளும். அந்தக் கரைசலுக்கு அமீன் என்று பெயர். அது நீல பேரல்களில் வரும். சூடேற்றிச் சூடேற்றித் திரும்பத் திரும்ப ஓட்டினால் கெட்டுப்போய்ப் பழுப்புச் சேறாகிவிடும். அந்தச் சேற்றை இரும்பு டிரம்மில் அடைத்து, லேபிள் ஒட்டி, லாரியில் மலையிறக்கி அனுப்புவது என் பொறுப்பு. காலி பேரல்களைக் கழுவி, கழுவிய தண்ணீரையும் கழிவுத் தொட்டியில் சேர்த்து, ஒவ்வொன்றிலும் ஓட்டை போட்டுப் பழைய சாமான் கடைக்கு அனுப்புவதும் என் பொறுப்பு. அமீன் பிளாஸ்டிக்குக்குள் ஊறிவிடும். எப்படிக் கழுவினாலும் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அதில் யாரும் குடிதண்ணீர் பிடித்துவிடக் கூடாது என்பதற்குத்தான் ஓட்டை.

ஆலையில் மற்ற எல்லோரும் காற்றைப் பார்க்கிறவர்கள். விருந்தாளிகள் வந்தால் விசிறிகளுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பின்பக்கம் கழிவு யார்டில் நான் ஒருத்திதான்.

2. என் பக்கத்து சீட்

கெட்டுப்போன அமீனின் வாசத்தை எழுத்தில் சொல்வது கஷ்டம். அழுகிய மீனையும் மாட்டுக் கொட்டகையையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். சேலை, தலைமுடி, குடை எல்லாவற்றிலும் ஏறிவிடும். என் மூக்கு சில மாதங்களிலேயே மரத்துப்போய்விட்டது. மற்றவர்களுடைய மூக்கு மரக்கவில்லை. பஸ்ஸில் நிற்க இடமில்லாத நாளிலும் என் பக்கத்து சீட் காலியாக இருக்கும். "உள்ள தள்ளிப் போங்க, அங்க சீட் இருக்குதுங்க" என்று கண்டக்டர் கத்துவார். யாரும் வர மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசைக்குப் போனாலும் அதே கதைதான்.

கணவர் போய்ச் சேர்ந்து பல வருடமாகிவிட்டது. பிள்ளைகள் இல்லை. ஆலைக்குக் கீழே இருக்கும் ஊரில் ஒரு வாடகை வீடு. சாயங்காலம் வந்தால் பேச ஆள் கிடையாது.

லூர்துமேரி ஒருத்திதான் வந்து ஒட்டி உட்காருவாள். எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கிறவள். "ஏனுங்கக்கா, எந்த சோப்பு போட்டுத் தொவச்சாலும் போவாதுங்களா?" என்று நேராகவே கேட்பாள். கேட்டுவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கியும் விடுவாள். பூசைக்குப் போகிற அந்த அரை மணி நேர பஸ் பயணத்துக்காகவே நான் ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்த்திருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

3. கேட்டதும் கொடுக்காததும்

லூர்துமேரியின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மே மாதம். அந்த மாதம் மலையில் தண்ணீருக்குப் பெரும்பாடு. லாட்ஜ்களுக்கே டேங்கர் போதாது, ஊர்க் குழாய்க்கு எங்கே வரும்? லூர்துமேரி யார்டு கேட்டில் வந்து நின்றாள்.

"ரெண்டே ரெண்டு பேரல் குடுங்கக்கா. கல்யாணம் முடிஞ்சதும் திருப்பிக் கொண்டாந்து வெச்சிடறனுங்க."

"முடியாது லூர்து. இது மருந்து ஊறின பேரல்."

"புளி போட்டுத் தேச்சு வெயில்ல கவுத்தி வெக்கறனுங்க. நாங்க பாக்காத பேரலுங்களா?"

"என்ன போட்டுத் தேச்சாலும் போவாது."

எனக்குப் பின்னால் டிரில் மெஷின் கிடந்தது. அன்றைக்குப் போட வேண்டிய ஓட்டைகள் பாக்கி. நல்ல பேரலாகப் பார்த்து ஓட்டை போடுகிறவள் என்று ஊரில் என்னைப் பற்றிப் பேச்சு உண்டு. ஒரு குடம் தண்ணீருக்குக் காத்துக் கிடக்கிற ஊரில் அப்படித்தான் பேசுவார்கள். லூர்துமேரி அந்தப் பேச்சில் சேராதவள். அன்று அவளும் டிரில்லை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

4. கல்யாண வீடு

கோவிலில் திருமணம் முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தோம். பின்னால் சமையல் நடந்துகொண்டிருந்தது. கை கழுவப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். தண்ணீர் நிரப்பிய பேரல்கள் வரிசையாக இருந்தன. அவற்றில் ஒன்றின் மூடியில் மஞ்சள் வளையம். எங்கள் ஆலைக்கு வரும் பேரலுக்கு மட்டும்தான் அந்த வளையம் உண்டு. சமையல்காரர் அதிலிருந்துதான் ரசத்துக்குத் தண்ணீர் மொள்ளக் குனிந்தார்.

லூர்துமேரியைத் தனியாக இழுத்தேன். "இது எங்க பேரல். இந்தத் தண்ணி ஆவாது."

"காசு குடுத்து வாங்குனதுங்கக்கா. வாசம் ஒண்ணுமே இல்லீங்களே? இன்னைக்கு மட்டும் உடுங்க. மாப்ள ஊட்டுக்காரங்க கரடியூர்ல இருந்து வந்து உக்காந்திருக்காங்க. என் மானத்த வாங்கிடாதீங்க."

ரசம் வைத்தால் ஊரே குடிக்கும். குழந்தைகளும் குடிக்கும். இரண்டு கையாலும் பேரலின் விளிம்பைப் பிடித்துச் சாய்த்தேன். தண்ணீர் முழுக்க ஓடிக் காபிச் செடிகளுக்குள் இறங்கியது. மே மாதத்துத் தண்ணீர்.

"ஏனுங்க, கல்யாண ஊட்ல தண்ணியக் கவுத்தறீங்களே, நல்லாருக்குங்களா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "இது ஆலைக் கழிவு பேரல், விஷம்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். யாரும் நம்பவில்லை. லூர்துமேரி என் முகத்தைப் பார்க்காமல், "போயிடுங்கக்கா" என்றாள். எஸ்டேட் ஜீப்பில் வேறு தண்ணீர் வந்து சேர்ந்து, பந்தி நேரம் கழித்துத்தான் ஆரம்பமானது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். "நம்ம பேரல்னு ஊர் முன்னாடி சொல்லணுமா மேடம்? பேசாம வந்திருக்கலாமில்ல?"

"பேசாம வந்திருந்தா ரசம் வெச்சிருப்பாங்க சார்."

அவருக்கும் என்மேல் கோபம்தான்.

5. கேட்டுக்கு வெளியே

அதற்குப் பிறகு பஸ்ஸில் லூர்துமேரி முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். தனியாக இருப்பது எனக்குப் பழக்கம்தான். ஆனால் பக்கத்தில் ஒருத்தி இருந்து, எழுந்து போன பிறகு வருகிற தனிமை பழகவே இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதிருக்கிறேன். செய்தது சரி என்று தெரிந்திருந்தும் அழுகை நிற்கவில்லை.

மே முடிவதற்குள் ஒரு நாள் காலை யார்டைத் திறக்க வந்தேன். கேட்டுக்கு வெளியே ஒரு நீல பேரல் நின்றது. மூடியில் மஞ்சள் வளையம். யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. அடுத்த நாள் இன்னொன்று. அந்த வாரம் முழுக்க வந்துகொண்டே இருந்தன. ஒன்றிலும் ஓட்டை இல்லை. என் யார்டுக்கு வருவதற்கு முன்பே, காலி செய்கிற இடத்து லோடுமேன்கள் எத்தனை பேரலை வெளியே விற்றிருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. நான் கவிழ்த்தது ஒன்றைத்தான்.

கடைசியில் லூர்துமேரி வந்தாள். கல்யாண வீட்டுப் பேரலைத் தலையில் சுமந்து வந்து இறக்கினாள்.

"மூடி போட்டு வெயில்ல வெச்சிருந்தனுங்க. போன வாரம் தொறந்தேன். உங்க சீலைல வருமே, அதே வாசம். அப்பவே ஊடு ஊடாப் போயிச் சொல்லிட்டேன்" என்றாள்.

நான் டிரில்லை எடுத்து அடியில் ஓர் ஓட்டை போட்டேன். அவள் நகரவில்லை.

"ஒண்ணு பத்தாதுங்கக்கா. எம்சீல் பசை வெச்சு அடச்சுப் பொழங்கறாங்க. பக்கத்துல இன்னொண்ணு போடுங்க. நொம்பப் பெருசாப் போடுங்க."

போட்டேன். டீ வைக்கட்டுமா என்று கேட்டேன். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். அடுத்த ஞாயிறும் முன் சீட்டில்தான் உட்கார்ந்தாள்.

கழிவு யார்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பேரல் உங்கள் கைக்கு வரும் வரை காத்திருக்காதீர்கள். காலி செய்கிற இடத்திலேயே போய் நில்லுங்கள். ஓட்டை இரண்டு போடுங்கள், கை நுழைகிற அளவுக்குப் போடுங்கள். இரண்டாவது ஓட்டை எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. அது லூர்துமேரி சொன்னது. ஒவ்வொரு முறை அதைப் போடும்போதும் அவள் பக்கத்தில் நிற்பதாக நினைத்துக்கொள்கிறேன்.