தேங்காய் எண்ணெய் தடவிய ஆம்ப்ளிஃபயர்

மரக்காணத்தில் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடை வைப்பவன் முட்டாள். உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காது. அந்த முட்டாள் நான்தான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரேடியோ, டிவி, மைக் செட் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2006 தை மாதம் உப்பளத்தில் வேலை செய்யும் ஒருவர், கிட்டார் ஆம்ப்ளிஃபயரைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார். மாதா கோயிலில் கிட்டார் வாசிப்பவர். முன்பு இரும்பை கிராமத்துப் பக்கம் தோட்ட வேலை பார்த்தபோது, ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் கிட்டாரையும் ஆம்ப்ளிஃபயரையும் இவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

“சத்தமே வரலண்ணே. வர்ற திங்கக்கெழம பொண்ணுக்குக் கல்யாணம்.”

பின்பக்கத்தைக் கழற்றினேன். எண்ணெய் சிக்கு வாடை மூக்கில் அடித்தது.

“இன்னாய்யா ஊத்துன உள்ள?”

“தேங்கா எண்ணெண்ணே. துரு புடிக்கக் கூடாதுல்ல.”

மழைக்கு உப்பளத்தை மூடும்போது மண்வெட்டி, பம்பு எல்லாவற்றுக்கும் கழிவு ஆயில் தடவித்தான் எடுத்து வைப்பார்கள். இல்லாவிட்டால் தைக்குள் துரு தின்றுவிடும். இவர் ஆம்ப்ளிஃபயருக்கும் அதையே செய்திருக்கிறார். பிரியமான பொருளாயிற்றே, கழிவு ஆயில் வேண்டாம் என்று செக்கெண்ணெய் வாங்கி, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு வரைக்கும் தடவியிருக்கிறார். காகிதம் ஊறிப்போன அப்பளம் மாதிரி தொங்கியது.

“ஏம்பா, இது ஆம்ப்ளிஃபயரா, ஒம் பொண்ணு தலையா? பின்னிப் பூவும் வெச்சிக் கொண்டாந்திருக்கலாமே!”

அவர் சிரிக்கவில்லை. “மாப்ள வூட்ல பாண்டிச்சேரிலேர்ந்து பேண்டு செட்டு கூட்டியாறேன்னாங்க. எம்பொண்ணு வேணாம்னுட்டா. நான் கோயிலுக்குள்ள வர்றப்ப எங்கப்பாதான் வாசிக்கணும்னு சொல்லிட்டாண்ணே.”

வேலையில் இறங்கினேன்.

உள்ளே இருந்த போர்டைத் தின்னர் போட்டுத் துடைத்தேன். பிரயோஜனமில்லை. கழித்துக் கட்டிய மைக் செட் ஒன்று கடையில் கிடந்தது. அதிலிருந்து போர்டு, டிரான்ஸ்ஃபார்மர், பெரிய ஸ்பீக்கர் மூன்றையும் எடுத்தேன். மரப்பெட்டியின் ஓட்டையை ரம்பத்தால் அகலப்படுத்தி மாட்டினேன். பழையதைவிட இரண்டு மடங்கு சத்தம் வந்தது.

அதில்தான் வந்தது வினை. சத்தம் கூடியதும் கிட்டாரின் இரைச்சலும் கூடிவிட்டது. கம்பியில் கை இருக்கும்வரை அடங்கிக் கிடக்கும். கையை எடுத்தால் வண்டுக் கூட்டம் மாதிரி இரையும். கிட்டாரில் இருந்த வால்யூம் குமிழோ துருவேறி இறுகிவிட்டது. அதற்கு மட்டும் இந்த ஆள் எண்ணெய் போடவில்லை!

“கோயில்ல பூச முடியற வரைக்கும் கம்பிலேர்ந்து கைய எடுக்காத” என்று சொல்லியனுப்பினேன். நம்பிக்கை இல்லாததால் கல்யாணத்துக்குப் போய் ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

நன்றாகவே வாசித்தார். பெண் உள்ளே வந்தாள். பீடத்துக்குப் போகாமல் நேராக அப்பாவிடம் வந்து தலையைக் குனிந்து நின்றாள். இடது கையால் கம்பிகளை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மட்டும் அவள் நெற்றியில் சிலுவை போட்டார். பிறகு அந்தக் கையைத் தலையில் வைத்தார். இடது கை கம்பியை விட்டு வரவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. “ரெண்டு கையும் வெய்யா! நான் கொறைக்கிறேன்!” என்று கத்திவிட்டு ஆம்ப்ளிஃபயரின் குமிழை அடியோடு திருகினேன்.

இரண்டு கைகளாலும் மகளின் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பீடத்திலிருந்து சாமியார் என்னை முறைத்தார். முறைக்கட்டும்.