இடக்கை வாத்து

எங்கள் தையல் குழுவில் சனிக்கிழமை என்றால் அரைகுறை நாள். முடித்த வேலையை அன்று யாரும் காட்டக் கூடாது. பாதியில் நின்ற பூ, தலையில்லாத கிளி, அலமாரியில் தூங்கும் மேசைவிரிப்பு என்று ஆளாளுக்குப் படம் பிடித்துக் கைப்பேசியில் போடுவோம். "எப்போ முடிப்பே?" என்று கேட்கவும் கூடாது. அந்த ஒரு விதிக்காகவே நான் அதில் இருந்தேன். வேறு எங்கே நம்மை இப்படி நிம்மதியாக இருக்க விடுகிறார்கள்?

நான் போட்ட படம் இரண்டு வாத்துகள். ஒன்று முழுதாக இருக்கும், மற்றது வெறும் அச்சுக்கோடு. முழுதாக இருந்ததைத் தைத்தவர் என் வீட்டுக்காரர். தோட்டத்தில் செம்பனை லாரி ஓட்டிய மனிதர். பக்கவாதத்தில் வலது கை விழுந்த பிறகு, சும்மா டிவி பார்த்தால் பைத்தியம் பிடிக்கிறது என்று என் துணியைப் பிடுங்கிக்கொண்டார். "இது என்னா பெரிய வேலை, பெருக்கல் குறிதானே" என்றார். துணி மாட்டிய வளையத்தை நான் மேசையோடு இறுக்கிக் கொடுப்பேன். அவர் இடது கையால் குத்தி இழுப்பார். நூல் சிக்கினால் அதன் ஆத்தாளைத் திட்டுவார்.

கிராஸ் ஸ்டிச்சில் ஒவ்வொரு பெருக்கல் குறியின் மேல்நூலும் ஒரே பக்கம் சாய வேண்டும். அவருடையது எனக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்தது, அதிலும் தாறுமாறாக. வாத்தின் முதுகு வாராத தலைமுடி மாதிரி இருக்கும். அடுத்த வாரம் இரண்டாவது வாத்தைத் தொடங்கலாம் என்றவர், அந்த வாரமே போய்விட்டார்.

குழுவில் இதை நான் சொல்லவில்லை. குழுவிலேயே பெண்டாங் ஊரில் இருக்கும் ஓர் அக்காவிடம் மட்டும் போனில் சொன்னேன். அழுதேன், அவரும் அழுதார்.

போன மழையில் செமிலிங்கில் எங்கள் வீட்டுக் கூரை ஒழுகி, துணியின் ஓரத்தில் பழுப்புக் கறை விழுந்துவிட்டது. உயிரே போனது எனக்கு.

"கொண்டா, நான் எடுத்துத் தாரேன். கறை எடுக்குறதுல நான் கில்லாடி லா" என்றார் அக்கா.

துணியை மடியில் வைத்துக்கொண்டு பெண்டாங் போனேன். "வாத்தத் தொட்டுடாதீங்கக்கா" என்றேன். "எனக்குத் தெரியாதா?" என்று நெத்திலிச் சம்பலோடு சோறு போட்டார். சந்தேகமே வரவில்லை எனக்கு.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை, அரைகுறை நாளில், குழுவில் அக்காவின் படம் வந்தது. கண்ணாடி பிரேமுக்குள் முழுதாக இரண்டு வாத்துகள். கீழே, அவரிடம் மட்டும் நான் சொன்ன கதை முழுக்க. 'தங்கச்சிக்கு சர்ப்ரைஸ்' என்று ஒரு வரி. இதயமும் கைகூப்பலும் வந்து குவிந்தன. நான் படத்தைப் பெரிதாக்கினேன். முதல் வாத்தின் முதுகு படிய வாரியிருந்தது.

போன் போட்டேன்.

"ரெண்டும் ரெண்டு பக்கம் சாஞ்சா வெளிச்சத்துல தெரியும்மா. அதான் உன் வீட்டுக்காரரு தச்சத பிரிச்சிட்டு ஒண்ணா தச்சேன். கலரெல்லாம் அதேதான். அப்படியே விட்டா சாயாங் லா, வீணாப் போகும்."

"பிரிச்ச நூலு எங்கக்கா?"

"அது எதுக்கு? வெட்டி வெட்டித்தானே எடுத்தேன். குப்பை லாரி வந்துச்சு, போட்டாச்சு." பிறகு அவரே, "நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

நன்றாகத்தான் இருந்தது. நம்பவைத்துக் கழுத்தை அறுப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். இவர் அறுத்துவிட்டுக் கண்ணாடியும் போட்டுக் கொடுத்திருந்தார். போனை வைத்துவிட்டேன். குழுவில் எல்லோரும் என் நன்றிக்காகக் காத்திருந்தார்கள். எதுவும் எழுதாமல் வெளியேறினேன். திமிர் பிடித்தவள் என்று இப்போது பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும்.

பிரேமை அக்கா மகனிடம் கொடுத்தனுப்பினார். பின்னட்டையைக் கழற்றித் துணியை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் தேடினேன். அவசரத்திலோ அலுப்பிலோ, வாலுக்கடியிலாவது என் வீட்டுக்காரரின் ஒரு தையல் தப்பியிருக்காதா என்று. அலகிலிருந்து கால்வரை, திருப்பிப் போட்டும் பார்த்தேன். அக்கா ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை.