பர்வீன் சட்டி வாங்கிய கதை

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் பத்தொன்பது வருஷமாகப் பொம்மை அச்சு தூக்குகிறவள் பர்வீன். வலது மணிக்கட்டு போய் இரண்டு வருஷமாகிறது. யாராவது 'ஐயோ பாவம்' என்றால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பாவப்படுகிற வாய் ஒரு குடம் தண்ணீர் தூக்கித் தருமா?

துபாய் வேலையை முடித்துக்கொண்டு வந்த புருஷன் கியாசுதீன், கூடவே ஒரு வார்ப்பிரும்புச் சட்டியும் கொண்டுவந்தார். பெட்டியில் இங்கிலீஷில் 'டச்சு அவன்' என்று போட்டிருந்தது. மூடியோடு ஏழு கிலோ. வருகிறவர்களிடமெல்லாம், "வெளிநாட்டுச் சாமான், தூக்கிப் பாருங்க" என்பார். அவர்களும் ஒருமுறை தூக்கி, மெச்சி, டீ குடித்துவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமைதோறும் அதில் பிரியாணிக்குத் தம் போட்டு இறக்கியவள் பர்வீன்.

ஒரு வெள்ளிக்கிழமை கை நழுவியது. கொதிக்கிற சோறு பாதத்தில் கொட்டித் தோல் வழன்றுவிட்டது. ஓடிவந்த கியாசுதீன் முதலில் பார்த்தது சட்டி உடைந்ததா என்பதைத்தான்.

"பாத்து எறக்கக் கூடாதா?" என்றார்.

புண் ஆறியது, கோபம் ஆறவில்லை. "லேசான சட்டி வாங்கப் போறேன். அது வூட்டுக்கு வர்ற வரைக்கும் ஓட்டல்ல தின்னுக்கோங்க" என்று சொல்லிவிட்டாள். நாலு நாள் ஓட்டல் சாம்பார் சாப்பிட்ட கியாசுதீன், தானும் கடைக்கு வருவதாகக் கிளம்பினார்.

பாத்திரத்தை எடை போட்டு விற்கிற ஊரில் கனத்துக்குத்தான் மரியாதை. கடைக்காரர் பழமலை, பர்வீனின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "கனமா எடுங்க பாய், தலமொறைக்கும் நிக்கும்" என்றார். பாயும் தலையாட்டினார். சட்டி நிற்கும், கை நிற்குமா என்று கேட்க அங்கே ஒரு நாதியில்லை.

"அண்ணே, எல்லாத்துலயும் தண்ணி ஊத்துங்க" என்றாள் பர்வீன்.

"தண்ணியா?"

பட்டறையில் காலி அச்சைத் தூக்கிப் பார்த்துத் தலையாட்டுகிறவள் வேலைக்குப் புதுசு. களிமண் குழம்பு ஊற்றின பிறகுதான் அச்சின் குணம் தெரியும். பர்வீன் ஒவ்வொரு சட்டியாகத் தூக்கினாள். ஒன்றில் காது சின்னது, விரல் நுழையவில்லை. இன்னொன்று தகடு, கண்டிப்பாக அடிபிடிக்கும். கடையெல்லாம் தண்ணீர்.

"மானத்த வாங்காத" என்று பல்லைக் கடித்தார் கியாசுதீன்.

"கை போனப்ப பேசாத வாயி, இப்ப மட்டும் ஏன் பேசுது?"

கடைசியில் ஒரு வார்ப்பு அலுமினியச் சட்டி. இரண்டரைக் கிலோ, அகலமான காது, இறுக்கமான மூடி. தளும்பத் தளும்பத் தண்ணீரோடு அதைத் தூக்கிப் பத்து எண்ணும்வரை பிடித்திருந்தாள். "இதான்" என்றாள்.

பழமலை பேர் வெட்டுகிற மிஷினை எடுத்துக்கொண்டு, இப்போதும் கியாசுதீனைத்தான் பார்த்தார். "பேரு என்னான்னு போடலாம் பாய்?"

"எம். கியாசுதீன்னு..."

பர்வீன் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அடுப்புலேர்ந்து எறக்கப் போறவ பேரு பர்வீன். அத வெட்டுங்க."