ஒரு மண்டலம் போதும் என்றார்கள்

எனக்குக் கல்யாணமாகி சேரப்பணஞ்சேரிக்கு வந்த இரண்டாம் வருடம் முகம் ஊதத் தொடங்கியது. "புருசன் வூட்டுச் சோறு ஒத்துக்கினுது, பூசினாப்ல கீறா" என்று தெருவே மெச்சியது. அது வீக்கம் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். கத்திரி வெயிலில் எல்லாரும் விசிறிக்கொண்டு கிடக்க, நான் போர்வையைத் தேடினேன். முடி கொத்துக்கொத்தாகக் கழன்றது. ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன்.

மெச்சிய வாய்களே பிறகு சோம்பேறி என்றன. மாமியார் அதைப் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொல்வார். கணவருக்குத் தாம்பரம் பக்கம் கம்பெனியில் ஷிப்ட் வேலை. அலுத்து வருபவர் நான் சுருண்டு கிடப்பதைப் பார்த்து எரிந்து விழுவார். இப்படியே இருந்தால் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவேன் என்றார். படப்பை டாக்டர் ரத்தம் குறைவு என்று டானிக் எழுதினார். டானிக் குடித்தும் எழாதவள் வேண்டுமென்றேதான் படுத்திருக்கிறாள் என்று வீட்டில் முடிவு கட்டினார்கள். சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்லை.

ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று கூப்பிட்டேன். "யாருப்பா அது?" என்று உள்ளிருந்து கேட்டாள் அம்மா. என் குரல் அவ்வளவு கரகரத்துப் போயிருந்தது. வெளியே வந்து பார்த்தவள் அழுதுவிட்டாள். மறுநாளே என்னை மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

டாக்டரம்மா கழுத்தைத் தடவிப் பார்த்தார். குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் தட்டினார். துள்ள வேண்டிய பாதம் மெல்ல அசைந்து, அதைவிட மெல்லத் திரும்பியது. ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும், தைராய்டு சரியாகச் சுரக்கவில்லை, காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை போடவேண்டும் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீ சோம்பேறி இல்லம்மா. உனக்கு உடம்பு சரியில்ல" என்றார். அத்தனை பேர் நடுவில் தேம்பித் தேம்பி அழுதேன்.

மாத்திரையோடு சேரப்பணஞ்சேரிக்குத் திரும்பினேன். அது வேலை செய்தது. வீக்கம் வடிந்தது, குரல் திரும்பியது. ஆனால் எந்த மருந்தும் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள்தான் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. கஷாயமோ லேகியமோ, அதற்கு மேல் கிடையாது. மண்டலம் முடிந்ததும் மாமியார் வல்லக்கோட்டை முருகனுக்கு அபிஷேகம் செய்துவிட்டு வந்து மாத்திரையை நிறுத்தினார். நல்லாயிட்டவளுக்கு மருந்து எதற்கு என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

கார்த்திகையில் மறுபடி போர்வைக்குள் சுருண்டேன்.

"திரும்பவும் ஆரம்பிச்சிட்டியா?" என்றார் கணவர். அவ்வளவுதான் கேட்டார்.

இந்த முறை அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. தனியாகப் பஸ் ஏறினேன். டாக்டரம்மா நன்றாகத் திட்டினார். சோறு மாதிரி இதுவும், உயிருள்ளவரை நிறுத்தக் கூடாது என்றார். வீட்டில் வந்து சொன்னால், ஆயுசு முழுக்க மாத்திரை தின்கிறவளையா நம் தலையில் கட்டினார்கள் என்று பேச்சு. குரல் திரும்பும்வரை பொறுத்திருந்து, ஆமாம், தின்னத்தான் போகிறேன் என்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னேன்.

கணவர் என்னை அம்மா வீட்டில் கொண்டுபோய் விடவில்லை. பிள்ளைகள் பிறந்தார்கள். விடியலில் எழுந்து, அடுப்படியில் நின்று, ஒரு தம்ளர் தண்ணீரோடு மாத்திரையை விழுங்குவேன். காப்பி ஆச்சா, சட்டை எங்கே என்று கணவர் தினமும் கேட்பார். மாத்திரை போட்டாயா என்று ஒருநாளும் கேட்டதில்லை. நானே கேட்டுக்கொள்கிறேன். போட்டாச்சு என்று நானே பதிலும் சொல்லிக்கொள்கிறேன்.