ஏழாவது பிணம்

பேரிடர் ஒத்திகையில் பிணமாகப் படுக்க ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தவன் நான். ஷெட்டில் ஏழு பேர் படுத்திருந்தார்கள்.

அரியலூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ஆண் நர்ஸ் வேலை. நோயாளிகளுக்கு நான் 'பிரதர்'. சிமெண்ட் லாரியும் பஸ்ஸும் மோதியதாக அன்று மாக் ட்ரில். உடனே பார்க்க வேண்டியவர் கையில் சிவப்புப் பட்டை, காத்திருக்கக் கூடியவருக்கு மஞ்சள், நடப்பவருக்குப் பச்சை, இறந்தவருக்குக் கறுப்பு. கறுப்புப் பட்டைக்காரர்களை வண்டி ஷெட்டில் வெள்ளைத் துணி போர்த்திக் கிடத்துவது ஏற்பாடு. இதற்கெல்லாம் வகுப்பெடுத்தவனும் நானே. 'பதறக் கூடாது' என்ற பாடத்தை மட்டும் அரை மணி நேரம் நடத்தினேன்.

ட்ரில் முடியும் நேரம். சாயம் பூசி அலறிக்கொண்டிருந்த காலேஜ் பிள்ளைகள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். உச்சி வெயில். காக்கா சத்தம்கூட இல்லை. ஷெட் வாசலில் நின்று சொன்னேன்:

"முடிஞ்சுது, எந்திரிங்க. டீ வந்துருச்சு."

ஆறு துணிகள் விலகின. ஆறு பிணங்கள் எழுந்து உட்கார்ந்து கொட்டாவி விட்டன. ஏழாவது துணி அசையவில்லை.

"யாரு அது, தூங்கிட்டாரா?"

நெற்றியில் ரத்தச் சாயத்தோடு துப்புரவுப் பணியாளர் செல்வி திரும்பிப் பார்த்தார். "தெரியல பிரதர். எங்ககூட வரல. ஸ்ட்ரெச்சர் பசங்க தூக்கியாந்து போட்டாங்க."

துணியை விலக்கினேன். அறுபது வயதிருக்கும். சாயம் இல்லை. கையில் கறுப்புப் பட்டை. தொட்டால் ஈரமும் சில்லிப்பும்.

அடுத்து நான் செய்தது எந்த வகுப்பிலும் இல்லாதது. துணியைப் பழையபடி போர்த்திவிட்டு, இரண்டடி பின்னால் போய், "யாராச்சும் நர்ஸக் கூப்பிடுங்க" என்றேன்.

"நீங்கதான் பிரதர் நர்ஸு" என்றார் செல்வி.

அப்போதுதான் எனக்கும் நினைவு வந்தது. கழுத்தில் கை வைத்தேன். நாடி இருந்தது. மூச்சு நூல்போல ஓடியது. வெளியே ஓடி, "ட்ரில் இல்ல, நெசம், நெசம்" என்று கத்தினேன். போர்டிகோவில் நின்ற டாக்டர் டீ டம்ளரோடு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பிரமாதமாக நடிக்கிறேனாம்.

எமர்ஜென்சி டிரேயை நானே தூக்கிக்கொண்டு திரும்பினேன். குளுக்கோமீட்டர் எண் காட்டவில்லை. 'லோ' என்று மட்டும் காட்டியது. முதல் ஊசி நரம்பைத் தவறவிட்டது. இரண்டாவது ஏறியது. டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரைக் கரைசலை மெல்லச் செலுத்தினேன். ஆறு பிணங்களும் சுற்றி நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தன.

அவர் கண் திறந்தார். மேலே ரத்தம் வழியும் ஆறு முகங்கள்.

"நான் செத்துட்டனாங்க?"

"இல்லங்கய்யா" என்றார் செல்வி. "செத்தது நாங்க. நீங்க சக்கர போட்டு டீ குடிங்க."

திருமானூர் விவசாயி அவர். சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றில் வந்திருக்கிறார். எங்கள் ட்ரில்லுக்காக லேபை மூடியிருந்தோம். காத்திருந்த இடத்திலேயே கேட் அருகே சரிந்துவிட்டார். "அசையவே இல்ல பிரதர், நல்லா நடிக்கிறாருன்னு நெனச்சுக் கறுப்புப் பட்டையக் கட்டிட்டோம்" என்றார்கள் ஸ்ட்ரெச்சர் பையன்கள்.

இப்போதெல்லாம் ட்ரில் தொடங்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: 'நெசம்' என்று எவர் சொன்னாலும் ஒத்திகை அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். ட்ரில் நாளிலும் லேப் திறந்திருக்க வேண்டும். கறுப்புப் பட்டை கட்டும் முன் இன்னொருவரும் நாடி பார்க்க வேண்டும்.

எல்லாரும் டீக்குப் போன பிறகு நான் மட்டும் ஷெட்டை எட்டிப் பார்ப்பேன். துணி காற்றில் அசைந்தால் பயமில்லை. அசையாமல் கிடந்தால்தான், இன்றைக்கும், முதலில் கால் பின்னால் போகிறது. பிறகுதான் முன்னால்.