தேதியில் பார்த்தால் எட்டு மணி நேரம்

அடையாறு சிக்னலில் கம்பெனி பஸ் ஏறும் நந்தகுமாருக்கு, கொட்டிவாக்கம் வருவதற்குள் தலை சாய்ந்துவிடும். வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு தூங்குவான். ‘‘கண்ட்ரோல் ரூம்ல மட்டும் எப்பிடிடா முழிச்சிண்டிருக்கே?’’ என்று ஒரு தடவை கேட்டேன். ‘‘அங்க தூங்குனா ஊரே முழிச்சிக்கும் சார்’’ என்றான். பஸ் முழுக்கச் சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் இருந்த ஓர் அணுமின் நிலையத்தில் நாங்கள் இருவரும் உதவி ஆபரேட்டர்கள். நான் வெங்கடரமணன், மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. அவன் ஊரூர் ஒல்காட் குப்பம். அவன் அம்மா கெங்கம்மா பெசன்ட் நகரில் தெருத்தெருவாக மீன் விற்று அவனைப் பாலிடெக்னிக் படிக்க வைத்தவள். கட்டுப்பாட்டு மேஜையில் பொறுப்பாக உட்கார ஒரு லைசென்ஸ் வேண்டும். எழுத்துத் தேர்வு, அப்புறம் நேர்முகம். நான் இரண்டு முறை எழுதிக் கோட்டை விட்டவன். அவன் முதல் முறையிலேயே தேறி, தொண்ணூற்றைந்து அக்டோபரில் நடக்கவிருந்த நேர்முகத்துக்குக் காத்திருந்தான். அந்த நாற்காலிதான் அவனுக்கு எல்லாம். ‘‘எங்க ஆயா வந்து பாக்க முடியாது சார், ஆனா கூடைய எறக்கி வெச்சிட்டு நாலு பேருகிட்ட சொல்லும்ல’’ என்று அம்மாவைப் பற்றிச் சொல்வான்.

இரவு ஷிஃப்ட் முடித்து வந்தால் அவனுக்குப் பகல் தூக்கம் சுலபமில்லை. இரண்டடிச் சந்து, ஏலச் சத்தம், பக்கத்து வீட்டு டேப் ரெக்கார்டர். அவன் மனைவி முத்துமாரி ஜன்னலுக்குச் சாக்குத் தைத்து மாட்டியிருந்தாள். சந்து முனையில் நின்றுகொண்டு, ‘‘ராத்திரி ஷிஃப்ட்டு பாத்துட்டு தூங்கிக்கினு கீது, கத்தாம போங்க’’ என்று மீன்காரிகளையே அடக்கி அனுப்புவாளாம். அணுமின் நிலையத்தில் எங்கள் யாருக்கும் இல்லாத அக்கறை அது.

தேர்வில் தேறாத எனக்கு ஆறுதல் பரிசு போல, ஷிஃப்ட் சார்ட் எழுதும் வேலையைக் கொடுத்திருந்தார்கள். யார் எந்த ஷிஃப்ட், யார் யாரோடு மாற்றிக்கொள்கிறார்கள், எல்லாம் என் கையெழுத்து. எனக்கு ஒரே ஒரு சிக்கல், அமாவாசை. அப்பா போனதிலிருந்து தர்ப்பணம் விட்டதில்லை. விடிவதற்கு முன் தர்ப்பணம் செய்ய முடியாது; காலை ஷிஃப்டோ ஏழு மணிக்கு, மயிலாப்பூரில் பஸ் ஐந்தேகாலுக்கு. காலை ஷிஃப்ட் வாரத்தில் அமாவாசை வந்தால் நந்தகுமாரிடம் போய் நிற்பேன். அவன் இரவு பதினொன்றுக்கு வந்து, ஏழு மணிக்குக் கிளம்பாமல், என் காலை ஷிஃப்டையும் பார்த்துவிட்டு மூன்று மணிக்குப் போவான். பதிலுக்கு அடுத்த இரவை அவனுக்காக நான் பார்ப்பேன்; மறுநாள் எனக்கு வார ஓய்வு வருகிற மாதிரி எழுதிக்கொள்வேன். ‘‘அப்பனுக்குத் தண்ணி உட்றது நல்ல காரியம் சார், நீ போ’’ என்பான்.

ஒருவர் தொடர்ந்து இரண்டு ஷிஃப்ட் பார்க்கக்கூடாது, நடுவில் ஓய்வு வேண்டும் என்று விதி இருந்தது. ஆனால் ஓய்வைக் கணக்கிடும் சார்ட் பக்கத்தில் எந்த ஷிஃப்ட், எத்தனை மணி என்பது கிடையாது, தேதிக்கு ஒரு டிக் மட்டும்தான். இரவு ஷிஃப்ட் எந்தத் தேதியில் தொடங்குகிறதோ அந்தத் தேதிக் கட்டத்தில் விழும். காலை ஷிஃப்ட் மறு தேதி. ஆகவே நாளுக்கு ஒரு ஷிஃப்ட், எட்டு மணி நேரம், சுத்தம். பதினாறு மணி நேரம் நின்ற மனிதன் என் சார்ட்டில் நன்றாக ஓய்வெடுத்தவன்.

தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் வாய் வெந்துவிடும். பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு அமாவாசை எத்தனை நாழிகைக்குத் தொடங்குகிறது, எத்தனை நாழிகைக்கு முடிகிறது என்று விரல் விட்டு எண்ணுகிறவன் நான். காலண்டர் தேதியை நம்பித் தர்ப்பணம் செய்வானா என்று அடுத்த வீட்டுக்காரரையே கேலி செய்திருக்கிறேன். ஒருவன் தூக்கத்துக்கு மட்டும் எனக்குத் தேதி போதுமாக இருந்தது.

அந்த வருஷம் மகாளய அமாவாசை ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன் இரண்டு நாளாகக் குப்பத்தில் கோயில் ஒலிபெருக்கி. நந்தகுமார் தூங்கவே இல்லை. இதை அப்புறம்தான் கேள்விப்பட்டேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பான், நான் கேட்கவில்லை. பகல் ஒரு மணிக்கு, அவனுடைய பதினாலாவது மணி நேரத்தில், ஒரு பம்பை நிறுத்தச் சொன்னார்கள். கை பக்கத்து சுவிட்சுக்குப் போய்விட்டது. ஓட வேண்டிய பம்ப் நின்றது. பாதுகாப்பு ஏற்பாடு தன் வேலையைச் செய்து உலையைத் தானாக நிறுத்தியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஒன்றரை நாள் மின்சாரம் போனதோடு சரி. அந்த நேரத்தில் நான் வாழைக்காய்க் கறியும் மோர்க்குழம்பும் சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்தேன்.

விசாரணை நடத்தியவர் கஸ்தூரிரங்கன், கறாரான ஆனால் நியாயமான அதிகாரி. ‘‘ஆள் களைப்பா இருந்தாரா? ரெஸ்ட் இருந்ததா?’’ என்று என்னைத்தான் கேட்டார். நான் சார்ட்டை நீட்டினேன். சனிக்கிழமைக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று. ‘‘தேதிப்படி சரியாத்தான் இருக்கு சார்’’ என்றேன். பொய் இல்லை. நந்தகுமார் என்னைப் பார்த்தான். அவர் அவனைக் கேட்டபோது, ‘‘தூக்கக் கலக்கமெல்லாம் இல்ல சார், என் தப்புதான்’’ என்றான். அறிக்கையில் ‘ஓய்வு போதுமானது, கவனக்குறைவு’ என்று எழுதினார்கள். நேர்முகம் ரத்தாயிற்று. அவனைப் பகல் வேலையாக ஸ்டோருக்கு மாற்றினார்கள். லைசென்ஸ் பேச்சு அதோடு முடிந்தது.

அன்று ஏன் வாயைத் திறக்கவில்லை? பயம், வேறென்ன. பொறாமையும் உண்டா என்று கேட்டால், இல்லை என்று பளிச்சென்று சொல்ல முடியவில்லை. வீட்டில் மனைவி ஜலஜாவிடம் சொன்னேன். ‘‘அவாத்துக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்கோளேன்’’ என்றாள். ஒரு மாலை பெசன்ட் நகர் வரை போனேன். குப்பத்துச் சந்து முனையில் முத்துமாரி யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். ஜன்னலில் சாக்கு இல்லை. இனி அது எதற்கு? அப்படியே திரும்பி பஸ் ஏறினேன்.

என்னால் முடிந்த கோழைத்தனமான பிராயச்சித்தம் ஒன்று செய்தேன். சார்ட்டில் ஒரு கட்டம் சேர்க்க வேண்டும், முந்தைய ஷிஃப்ட் எத்தனை மணிக்கு முடிந்தது என்று எழுத வேண்டும், இடைவெளி குறைவாக இருந்தால் ஆளை உள்ளே விடக்கூடாது என்று யோசனைப் பெட்டியில் எழுதிப் போட்டேன். ஏற்றுக்கொண்டார்கள். தொண்ணூற்றேழு பாதுகாப்பு வார விழாவில் மேடைக்கே கூப்பிட்டார்கள். சால்வை, சான்றிதழ். யோசனை எப்படித் தோன்றியது என்று இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக் கையில் இருந்தது. மூன்றாவது வரிசையில் நந்தகுமார் உட்கார்ந்திருந்தான்.

‘‘பஞ்சாங்கம் பார்க்கும்போது தோணித்து’’ என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், கை தட்டினார்கள். அவனும் தட்டினான்.

திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இரவு ஷிஃப்ட் இல்லாமல் போனதிலிருந்து அவன் பஸ்ஸில் தூங்குவதில்லை. சால்வையைத் தொட்டுப் பார்த்தான்.

‘‘நல்ல காரியம் சார். இனிமே எவனும் பதினாறு மணி நேரம் நிக்க மாட்டான்.’’

தெரிந்தேதான் இரண்டு வருஷம் சும்மா இருந்திருக்கிறான். திட்டியிருக்கலாம். என் சட்டையைப் பிடித்திருக்கலாம்.

‘‘அப்ப அமாவாசைக்கு இன்னா சார் பண்ற? யாரு மாத்திக்கிறாங்க?’’ என்று கேட்டான். குத்தல் இல்லை. நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்டான்.

‘‘யாரும் இல்லடா. லீவு போட்டுடறேன்.’’

‘‘லீவு கீதா சார்?’’

லீவு எடுக்காதவன் என்று பெயர் வாங்குவதற்காக, வருஷா வருஷம் நான் சேர்த்து வைத்த லீவு. ஒரு நாள் போட்டிருந்தால் போதும்.

‘‘இருக்கு’’ என்றேன். ‘‘அப்பவும் இருந்தது.’’

நந்தகுமார் சால்வையிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். அடையாறு சிக்னலில் பஸ் நின்றதும் இறங்கிப் போனான்.